கொலற் வாங்கும்போது பெட்டியைப் பாராது பிடியைப் பார்ப்போம்

தோட்டம் செய்பவருக்கு நீர் இறைக்கும் இயந்திரம் நின்றுவிட்டால் கைகால் நின்றுவிட்டது போலத்தான். வெங்காயம் குருத்துவிடும் கிழமையில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் இல்லையென்றால், அந்த நட்டத்தை அடுத்த போகம் வரை சுமக்க வேண்டியிருக்கும். இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தால் பழுது பெரும்பாலும் மிகச் சிறிய இடத்தில்தான் இருக்கும். ‘சாப்ட்’ என்று நாம் சொல்லும் சுழல்தண்டையும் அதன்மேல் இருக்கும் புலியையும் சேர்த்துப் பிடிக்கும் ‘கீ’ என்ற சிறு இரும்புத் துண்டு தேய்ந்திருக்கும். அல்லது அது உட்காரும் தவாளிப்பு அகன்றுபோயிருக்கும். இருசில்லு உழவு இயந்திரத்திலும் நெல் குற்றும் ஆலையிலும் இதே கதைதான்.

இந்தத் தவாளிப்பைப் புதிதாகச் சரியான அளவில் வெட்டுவதற்கு உரிய இயந்திரம் மில்லிங் மெசின். இடம்பெயர்ந்து மீளக் குடியேறிய கிராமங்களிலும், இன்னும் தமது காணிக்குத் திரும்ப முடியாத குடும்பங்கள் வாழும் இடங்களிலும், சேமிப்புக் குழுக்களும் இளைஞர்களும் சேர்ந்து சிறு திருத்த வேலைத்தளங்களை நடத்தும் முயற்சி வரவேற்கத்தக்கது. தொழில் கற்ற பிள்ளைகளுக்கும் குறைவில்லை. 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் எமது பிள்ளைகள் தொழில்நுட்பம் கற்று வருகிறார்கள்.

பழைய மில்லிங் மெசின் ஒன்றைப் பாடுபட்டு வாங்கியபின் குழுவின் கையில் மிஞ்சுவது சிறு தொகையே. அந்தத் தொகையில் வாங்க வேண்டியவற்றுள் முதன்மையானது கொலற். மெசினைப் பற்றிப் பலரிடம் விசாரிக்கும் நாம், கொலற்றைப் பற்றி யாரிடமும் விசாரிப்பதில்லை. கடைக்காரர் காட்டும் பெட்டியை வாங்கி வந்துவிடுகிறோம். மெசின் உழைத்துத் தருமா தராதா என்பதைத் தீர்மானிப்பதில் இந்தச் சிறு பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. காசோலையில் கையொப்பம் இடுபவர்கள் தொழிலாளிகள் அல்லர். குழுவின் தலைவரும் பொருளாளரும்தான். ஆகவே இக்கட்டுரை தொழில் தெரிந்தவருக்கு மட்டுமன்றி, அவர்களுக்காகவும் எழுதப்படுகிறது.

கொலற் என்பது என்ன?

மண்வெட்டிக்குப் பிடி போடுவதை நினைத்துப் பாருங்கள். பிடியின் தலைப்பு சற்றே பருத்திருக்கும். அதை மண்வெட்டியின் வளையத்துக்குள் இழுக்க இழுக்க இறுகும். கொலற்றும் இப்படித்தான் வேலை செய்கிறது. வெளிப்பக்கம் கூம்பாகவும், உள்ளே நேரான துளையுடனும், நீளவாக்கில் பல கீறல்களுடனும் செய்யப்பட்ட உருக்குக் குழாய் அது. கூம்பான குழிக்குள் அதை இழுத்தாலோ அழுத்தினாலோ கீறல்கள் நெருங்கி, துளை சுருங்கி, உள்ளே இருக்கும் வெட்டுக்கருவியைச் சுற்றிவரப் பிடித்துக்கொள்கிறது.

“துளையிடும் சக் இருக்கிறதே, அதிலேயே பிடித்தால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. துளையிடும்போது விசை நேராக மேல்நோக்கி வருகிறது. அதற்காகவே செய்யப்பட்டது அந்தச் சக். மில்லிங்கில் விசை பக்கவாட்டில் வருகிறது. சக்கின் மூன்று தாடைகளும் மூன்று கோடுகளில் மட்டுமே கருவியைத் தொடுகின்றன. பக்கவாட்டு அதிர்வில் பிடி தளரும்; சக்கே அதன் கூம்பிலிருந்து கழன்று விழவும் கூடும். அன்றியும், மில்லிங் வெட்டுக்கருவியின் பல் முறுக்காக இருப்பதால், பிடி தளர்ந்த கருவி தானாகவே கீழ்நோக்கி இறங்கி, வேண்டியதைவிட ஆழமாக வெட்டிவிடும். பொருள் பழுதாவதோடு கையும் காயப்படும். ஆகவே மில்லிங்குக்குக் கொலற் கட்டாயம் தேவை.

தலைமயிரிலும் மெல்லிய கணக்கு

கொலற் கோணலாக இருந்தால் என்ன நடக்கும்? ஒரு கணக்கைப் பார்ப்போம்.

25 மி.மீ. தடிப்புள்ள சாப்டுக்கு வழக்கமான கீயின் அகலம் 8 மி.மீ. தவாளிப்பின் ஆழம் 4 மி.மீ. நல்ல கீ 8 மி.மீ.க்கு மேற்படாது, 0.036 மி.மீ. வரை குறைவாக இருக்கலாம். கீ இறுக்கமாக உட்கார வேண்டுமென்றால் தவாளிப்பும் 8 மி.மீ.க்கு மேற்படக் கூடாது. 8 மி.மீ. வெட்டுக்கருவி, கொலற்றின் கோணலால் 0.05 மி.மீ. ஆடிச் சுழன்றால், தவாளிப்பு 8.05 மி.மீ. அளவுக்கு அகன்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாடு கைக்குத் தெரியும்: கீ ஆடும். முதல் நாள் சற்று ஆடும். இயந்திரம் ஒவ்வொரு தடவை இயங்கி நிற்கும்போதும் கீ இருபக்கமும் அடிபட்டு, சில கிழமைகளில் தவாளிப்பை இன்னும் அகலமாக்கிவிடும். திருத்திய இயந்திரம் திரும்பி வரும். காசு கொடுத்தவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

நட்டம் இதோடு முடிவதில்லை. இரண்டு பல் உள்ள வெட்டுக்கருவியில் ஒவ்வொரு பல்லும் 0.05 மி.மீ. சீவ வேண்டும் என்று வைப்போம். கருவி 0.05 மி.மீ. ஆடினால் ஒரு பல் 0.10 மி.மீ. சீவும், மற்றப் பல் ஒன்றும் சீவாது. இரண்டு மாடு பூட்டிய ஏரில் ஒரு மாடு மட்டும் இழுப்பது போன்றது இது. இழுக்கின்ற பல் விரைவில் மழுங்கும் அல்லது உடையும். மலிவுக் கொலற்றில் மிச்சம் பிடித்த காசு, உடைந்த கருவிகளாகக் குப்பைக்குப் போகும்.

முதலில் மெசினைப் பாருங்கள்

கொலற் வாங்கப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் மெசினின் ஸ்பிண்டில், அதாவது சுழலும் தலை, எந்த வகைக் கூம்பைக் கொண்டது என்பதே. சிறு வேலைத்தளங்களில் காணப்படும் வகைகளில் முக்கியமானவை இவை:

ஆர் 8: அமெரிக்காவில் கனெக்ரிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் 1938இல் உருவான பிரிட்ஜ்போர்ட் மில்லிங் மெசின் உலகெங்கும் பெயர் பெற்றது. அக்கம்பனியார் உருவாக்கிய கூம்பு இது. அதைப் பின்பற்றிச் செய்யப்பட்ட ஆசிய நாட்டு மெசின்கள் பலவற்றிலும் இதுவே உண்டு. மேலிருந்து ஒரு நீண்ட இழுகம்பியால் கொலற் இறுக்கப்படும். அக்கம்பியின் புரி வழக்கமாக 7/16 அங்குலம்; சிலவற்றில் 12 மி.மீ. புரி உண்டு. இழுகம்பியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போவது நல்லது.

மோர்ஸ் 2, மோர்ஸ் 3: சிறிய மேசை மெசின்களிலும் பழைய ஐரோப்பிய மெசின்களிலும் உண்டு. மோர்ஸ் 2இன் இழுகம்பி பெரும்பாலும் 10 மி.மீ. அல்லது 3/8 அங்குலம். மோர்ஸ் 3இல் 12 மி.மீ. அல்லது 1/2 அங்குலம். கூம்பு ஒன்றாக இருந்தாலும் புரி வேறாக இருந்தால் கொலற் பயன்படாது.

ஈ.ஆர்.: இது சுவிற்சர்லாந்தின் ரெகோ-பிக்ஸ் கம்பனி 1970களின் தொடக்கத்தில் அறிமுகம் செய்த வகை. 1993இல் ஜேர்மன் தரமாக (டின் 6499) ஏற்கப்பட்டு, இன்று உலகின் எந்த மூலையிலும் கிடைக்கிறது. இதற்கு ஒரு தாங்கி வேண்டும். தாங்கியின் மேற்பக்கம் உங்கள் மெசினின் கூம்புக்குப் பொருந்தும். கீழ்ப்பக்கத்தில் கொலற்றை வைத்து ஒரு நட்டால் இறுக்குவோம். ஈ.ஆர். 16, 20, 25, 32, 40 எனப் பல அளவுகள் உண்டு. ஈ.ஆர். 25 கொலற்றால் 16 மி.மீ. வரையும், ஈ.ஆர். 32 கொலற்றால் 20 மி.மீ. வரையும் பிடிக்கலாம்.

5 சி என்ற பெயரிலும் கொலற் விற்பார்கள். அது பெரும்பாலும் லேத்தில் வேலைப் பொருளைப் பிடிப்பதற்கானது. மில்லிங் வெட்டுக்கருவிக்கென்று அதை வாங்க வேண்டாம்.

எது நமக்கு ஏற்றது?

மெசின் ஆர் 8 வகையாயின் ஆர் 8 கொலற்றை நேரடியாகப் போடலாம். அல்லது ஆர் 8 தாங்கி ஒன்றை மாட்டி ஈ.ஆர். கொலற் போடலாம். இரண்டையும் ஒப்பிடுவோம்.

நேரடிக் கொலற்றில் வெட்டுக்கருவி ஸ்பிண்டிலுக்கு மிக நெருக்கமாக நிற்கும். அதனால் உறுதி அதிகம். மேசைக்கும் கருவிக்கும் இடையே உயரமும் குறையாது. ஆனால் ஒவ்வொரு கொலற்றும் ஒரே ஒரு அளவைத்தான் பிடிக்கும். 12 மி.மீ. கொலற்றில் 1/2 அங்குலக் கருவி போகாது. கருவி அளவு மாறும் ஒவ்வொரு முறையும் இழுகம்பியைத் தளர்த்தித் தட்டிக் கொலற்றைக் கழற்ற வேண்டும்.

ஈ.ஆர். கொலற் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மி.மீ. சுருங்கும். 10 மி.மீ. கொலற் 10 முதல் 9 மி.மீ. வரை பிடிக்கும். தாங்கி மெசினிலேயே இருக்க, நட்டை மட்டும் கழற்றிக் கருவியை மாற்றலாம். பொருத்தமான தாங்கி இருந்தால் அதே கொலற்றை லேத்திலும் பயன்படுத்தலாம். குறை என்னவென்றால், தாங்கியின் நீளம் கருவியைக் கீழே தள்ளிவிடுகிறது. சிறிய மேசை மெசினில் அந்த உயரமே தட்டுப்பாடாகிவிடும். அளந்து பார்த்த பின்பே முடிவு செய்ய வேண்டும்.

பலவகைத் திருத்த வேலை வரும் கிராமத்து வேலைத்தளத்துக்கு ஈ.ஆர். வகையே அதிகம் கைகொடுக்கும் என்பது எமது கருத்து. சிறிய மெசினுக்கு ஈ.ஆர். 25, 20 மி.மீ. கருவியும் ஓட்டக்கூடிய பெரிய மெசினுக்கு ஈ.ஆர். 32.

எத்தனை வாங்குவது?

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறியபோது, லேத்தையும் மில்லிங் மெசினையும் எவரும் தூக்கிச் செல்லவில்லை. சைக்கிளில் கட்டியதும் தலையில் சுமந்ததும்தான் மிஞ்சியது. தலைமுறையாகச் சேர்த்த கருவிகள் போன இடம் தெரியவில்லை. அதன்பின் வன்னியில் மீண்டும் தொடங்கியவர்கள் 2009 வரை பலமுறை இடம்பெயர்ந்து மீண்டும் இழந்தார்கள். அப்படி இழந்தவர்களுக்கு, ஒன்றும் குறையாமல் அடுக்கிய ஒரு பெட்டி தரும் ஆறுதலை நாம் அறிவோம். கடையில் பதினெட்டுக் கொலற்றும் மினுங்கும்போது மனம் அதற்குள் விழுந்துவிடும். ஆனால் மெசினுக்கு அந்த ஆறுதல் தெரியாது.

ஒரு குழுவில் நாம் கேட்ட பேச்சு இது. பொருளாளரான சகோதரி கேட்டார்: “தம்பி, அந்தப் பெட்டியிலை பதினெட்டு இருக்கு. நீ கேக்கிறது ஆறுதான். காசு ஏறக்குறைய ஒண்டுதான் எண்டால், நாளைக்குச் சனம் என்னைத்தானே கேக்கும்?”

மெசினில் வேலை செய்யும் இளைஞர் சொன்னார்: “அக்கா, பதினெட்டிலை எங்களுக்கு வேலைக்கு வாறது ஆறுதான். மிச்சம் பெட்டியிலை கிடந்து கறள் பிடிக்கும். அந்த ஆறும் நேராய் ஓடாட்டில் நாங்கள் வெட்டுற கீ ஒண்டும் இறுகாது. பிறகு சனம் என்னைத்தான் கேக்கும்.”

“அப்ப சரி. ஆனால் ஆறையும் அளந்து எனக்குக் காட்டு. எழுதியும் வை” என்றார் சகோதரி.

இருவர் கேட்டதும் நியாயமே. இளைஞரின் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். ஈ.ஆர். 32 செற் ஒன்றில் 3 முதல் 20 மி.மீ. வரை மி.மீ.க்கு ஒன்றாகப் பதினெட்டுக் கொலற் இருக்கும். ஆனால் கடையில் கிடைக்கும் மில்லிங் கருவிகளின் காம்பு அளவுகளில் அதிகம் பயன்படுபவை 6, 8, 10, 12, 16, 20 மி.மீ. ஆகிய ஆறுதான். இந்த ஆறையும் நல்ல தரத்தில் தனித்தனியாக வாங்கினால் பெரும்பாலான வேலை நடந்துவிடும்.

பழைய அங்குலக் கருவிகள் கையில் இருக்கலாம். அதற்குத் தனிச் செற் வேண்டியதில்லை. 1/4 அங்குலம் என்பது 6.35 மி.மீ.; அதை 7 மி.மீ. கொலற் பிடிக்கும். 3/8 அங்குலம் 9.525 மி.மீ.; கையில் உள்ள 10 மி.மீ. கொலற் போதும். 1/2 அங்குலம் 12.7 மி.மீ.; அதற்கு 13 மி.மீ. கொலற். 5/8 அங்குலம் 15.875 மி.மீ.; 16 மி.மீ. கொலற் போதும். 3/4 அங்குலம் 19.05 மி.மீ.; 20 மி.மீ. கொலற் போதும். ஆக 7, 13 என்ற இரண்டை மட்டும் சேர்த்தால், எட்டுக் கொலற்றில் இரு அளவுமுறைகளும் அடங்கிவிடும்.

காசு பற்றாவிட்டால் எதில் குறைப்பது? தாங்கியிலும் நட்டிலும் குறைக்காதீர்கள். தாங்கி கோணலாயின் அதில் போடும் கொலற் எல்லாம் கோணலே. கொலற்றின் எண்ணிக்கையைக் குறையுங்கள். முதலில் மூன்று, வேலை வரவர ஒவ்வொன்றாக மிகுதி.

அளந்து வாங்குவோம்

கையில் எடுத்துப் பார்த்துத் தரம் சொல்ல முடியாது. ஆனால் சில குறைகள் கண்ணுக்கே தெரியும். கீறல்களின் ஓரத்தில் பிசிறு, கூம்பில் கறள் புள்ளி, துளையின் வாய் அகன்றிருத்தல், அளவு எண் தெளிவாகப் பொறிக்கப்படாமை ஆகியவை இருந்தால் வேண்டாம். பழைய கொலற் வாங்குபவர்கள் கீறலின் முடிவில் வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

மற்றதை டயல் கேஜ்தான் சொல்லும். 0.01 மி.மீ. காட்டும் சாதாரண டயல் கேஜ் போதும். குழுவிடம் இல்லையென்றால் அருகிலுள்ள வேலைத்தளத்தில் இரவல் கேளுங்கள். வாங்கும்போதே, அளந்து சரியில்லாதவற்றை மாற்றித் தருவதாகக் கடைக்காரரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இணையக் கடையில் வாங்கினாலும் திருப்பி அனுப்பும் வசதி உண்டா என்று முதலே பாருங்கள். அளக்கும் முறை இது:

1. ஸ்பிண்டிலின் உட்கூம்பைத் துணியால் துடைத்து, அதன் உட்பக்கத்தில் டயலின் முனையை வைத்துக் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். முள் ஆடினால் குறை மெசினில் உண்டு. கொலற்றைக் குறை சொல்ல முடியாது.

2. தாங்கியைப் பூட்டி, அதன் உட்கூம்பையும் அவ்வாறே பாருங்கள்.

3. கொலற்றில் நேரான, கடினமாக்கிய உருக்கு ஊசி ஒன்றையோ புதிய வெட்டுக்கருவியின் காம்பையோ இறுக்குங்கள். கொலற்றின் வாயருகே ஒருமுறையும், 40 மி.மீ. கீழே ஒருமுறையும் பாருங்கள். வாயருகே சிறிதாக இருக்கும் ஆட்டம் கீழே போகப் போகப் பெருகும்.

4. ஆட்டம் தெரிந்தால், மிக வெளியே தள்ளும் பக்கத்தைத் தாங்கியிலும் கொலற்றிலும் பேனாவால் குறியிட்டு, கொலற்றை அரைவட்டம் திருப்பிப் போட்டு மீண்டும் பாருங்கள். குறை கொலற்றோடு திரும்பினால் கொலற்றை மாற்றுங்கள். பழைய இடத்திலேயே நின்றால் தாங்கியையோ ஸ்பிண்டிலையோ பாருங்கள்.

எமது திருத்த வேலைகளுக்கு முள்ளின் மொத்த ஆட்டம் வாயருகே 0.02 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. 0.05 மி.மீ. ஆடும் கொலற்றைத் திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அது பலபேரின் சேமிப்புக் காசு.

பேணிக் காப்போம்

நல்ல கொலற்றையும் ஒரே நாளில் கெடுத்துவிடலாம். பின்வருவனவற்றை எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்:

• ஈ.ஆர். கொலற்றை முதலில் நட்டுக்குள் சரித்து வைத்து ‘டக்’ என்று பொருந்தும்வரை அழுத்த வேண்டும். பின்பே நட்டைத் தாங்கியில் பூட்ட வேண்டும். கொலற்றைத் தாங்கிக்குள் போட்டு மேலே நட்டைப் பூட்டினால் இரண்டும் பழுதாகும்.

• கழற்றும்போது நட்டு முதலில் இலகுவாகி, பின் மீண்டும் இறுகும். அது பழுதல்ல. நட்டு கொலற்றை வெளியே இழுக்கிறது. தொடர்ந்து திருப்புங்கள்.

• காம்பு, கொலற் துளையின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே இருக்க வேண்டும்.

• கருவி இல்லாத வெறும் கொலற்றை இறுக்காதீர்கள். அளவில் சிறிய காம்பை வலிந்து இறுக்காதீர்கள். ஒருமுறை அளவு மீறி நெரிந்த கொலற் பழைய நிலைக்கு வராது.

• ஸ்பனரில் குழாய் மாட்டி இறுக்காதீர்கள்.

• ஒவ்வொரு முறையும் கூம்பையும் துளையையும் துடையுங்கள். ஒரு சிறு இரும்புச் சீவல் இடையில் அகப்பட்டாலே நல்ல கொலற்றும் ஆடும். கிழமைக்கு ஒருமுறை மண்ணெண்ணெயில் தூரிகையால் கழுவி, உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். கடற்கரைக் கிராமங்களில் உப்புக்காற்று இரண்டு நாளில் கறளை வரவழைக்கும்.

• தகரப் பேணியில் எல்லாவற்றையும் கொட்டி வைக்காதீர்கள். பலகையில் துளையிட்டு, ஒவ்வொரு துளைக்கும் அளவை எழுதி அதில் நிறுத்துங்கள். எது இல்லை என்பதும் உடனே தெரியும்.

குழுவின் கொப்பியில்

பொருளாளரான சகோதரி கேட்டது போல, ஒவ்வொரு கொலற்றுக்கும் ஒரு வரி எழுதி வைப்போம்: அளவு, வாங்கிய திகதி, விலை, வாங்கிய அன்று டயல் காட்டிய ஆட்டம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் அளந்து எழுதுவோம். ஆட்டம் கூடிவந்தால் எப்போது மாற்றுவது என்று முன்கூட்டியே திட்டமிடலாம். கருவி உடைந்தால் “நீ உடைத்தாய், நான் உடைத்தேன்” என்று பிணக்குப்பட வேண்டியதில்லை. உதவி வழங்கும் நிறுவனங்கள் கருவி தர முன்வரும்போதும், “எமக்கு இந்த எட்டும் இந்தத் தாங்கியும் வேண்டும்” என்று அளவோடு கேட்க இந்தக் கொப்பி உதவும். கேட்காவிட்டால் அவர்களும் பெட்டியைத்தான் தருவார்கள்.

வெட்டிய கீ இறுகி இருந்தால் தண்ணீர் தவறாது பாயும். தண்ணீர் பாய்ந்த தோட்டக்காரர் தன் பக்கத்துக் காணிக்காரரையும் வேலைத்தளத்துக்குக் கூட்டி வருவார். அடுத்த கூட்டத்தில் கருவி வாங்கும் பேச்சு எழும்போது, “பெட்டியில் எத்தனை?” என்று கேட்குமுன் “எமக்கு எத்தனை வேண்டும், அவை நேராக ஓடுமா?” என்று கேட்போம்.